ஒரு சதம், பாதி

போன் திருத்தும் என் கடைக்கு
அவள் கொண்டுவந்தது போன் அல்ல.
முந்தானை முடிச்சில் ஒற்றைச் செம்புச் சதம்.
விக்டோரியா ராணி. ஆண்டு தேய்ந்து
முதல் இரண்டு எண்தான் மிச்சம்.

"மவுசாக்கலையில தண்ணி எறங்கினப்ப
பழைய கோயில் படிகிட்ட கெடந்துச்சு.
புளி போட்டுத் தேச்சேன்.
பாதியில கரண்ட் போயிருச்சு."

பாதி ராணி பளபளக்கிறாள்,
சீர்வரிசைத் தாம்பாளம் போல.
பாதி ராணி
இரண்டாம் முறை சூடாக்கிய பிளேன்டீ நிறத்தில்.
நடுவே மூக்கை ஒட்டி எல்லைக்கோடு.

பெயர் பவுனம்மா. மேல்கணக்கில் கொழுந்து எடுக்கிறாள்.
"மிச்சத்தையும் தேச்சுத் தாங்க.
கொழும்புக்காரன் ஒருத்தன்
பளிச்சுன்னு இருந்தா கூடத் தருவானாம்."

மாட்டேன் என்றேன்.
குறைத்துத்தான் தருவான் என்றேன்.
அழுக்கு வேறு, தோல் வேறு;
அழுக்கைத் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொள்ளும்,
தோலைப் புளி கேளாமல் உரித்துவிடும்.
தேசிக்காயும் சாம்பலும் பிராசோவும்
பற்பசையும்கூட அப்படித்தான்.

"அப்ப குத்துவிளக்க நீங்க தேய்க்கிறதே இல்லையா?"

விளக்கில் வருஷம் எழுதியில்லை என்றேன்.
சிரித்தாள். நம்பவில்லை.

ஆகவே செய்து காட்டினேன்.
பார்மசியில் வாங்கிய வடித்த தண்ணீர்,
பீங்கான் சாஸர்,
அடியில் ஒரு மெல்லிய துணி.
விளிம்பில் மட்டும் விரல் பட
சதத்தை இறக்கினேன்,
தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல.
இன்றைக்கு ஊறட்டும், நாளைக்குத் தண்ணீரை மாற்றுவேன்,
நாளைமறுநாளும். சேறு தானாக விடும்.
விட்டபின் ஒற்றவேண்டும், துடைக்கக் கூடாது.
வெளிறிய பச்சையில் மாவு மாதிரிப் புள்ளி கண்டால்
மற்றக் காசுகளோடு சேர்க்கக் கூடாது,
அம்மை கண்ட வீட்டைப்போல
தனியே வைக்கவேண்டும்.

பேச்சு நீண்டது. என் வியாதி அது.
ஹட்டனில் வாங்கிய முதல் ஆல்பத்தையும் காட்டினேன்:
மெத்தென்ற மலிவு பிளாஸ்டிக் உறை,
இரண்டு மழைக்காலத்தில் வியர்த்து,
சதுர ஐந்து சதங்கள் பதினொன்றும்
பச்சைப் பிசினாய் ஒட்டிக்கொண்டன.
இப்போது கடின உறை, மூடி இறுகும் டப்பா,
உள்ளே சப்பாத்துப் பெட்டிகளிலிருந்து
பொறுக்கிய சிலிக்கா பொட்டலங்கள்.

"அது என்ன, அந்தப் பொட்டலம்?"

ஈரம் குடிக்கும் மணி.
நீலமாய் இருந்தால் பசி,
ரோஸ் ஆனால் வயிறு நிறைந்தது.

அவள் சாஸரை மறந்தாள்.
"கடுதாசியில இருக்கிற ஈரத்தையும் குடிக்குமா?"

காம்பராவில் தகரப்பெட்டி.
அதில் அப்பனின் பிரஜாவுரிமைப் பத்திரம்,
மகளின் பிறப்புச் சான்றிதழ்.
ஓரத்தில் பூஞ்சணம் ஏறி
பெயரின் கடைசி எழுத்துவரை வந்துவிட்டதாம்.

நான்கு பொட்டலம் கொடுத்தேன்,
ரப்பர் வளையம் வைத்த டப்பா ஒன்றும்.
பத்திரத்தை நல்ல வெயிலில் வைக்காதே,
நிழலில் உலர்த்திப் பிறகு மூடு என்றேன்.
"எவ்வளவு?"
டப்பாவுக்கு மட்டும் நூற்றைம்பது.
எண்ணிக் கொடுத்தாள், சில்லறையாக.

வாசலில் அவளைக் கூப்பிட்டேன்: உன் சதம்?
"ஊறட்டும். ஓடிரவா போகுது."

ஆறு நாளும் தூறல்.
எதிர்க் கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை.
ஏழாம் நாள் வந்தாள்,
நனைந்த சாக்குப் படங்கைக் கழற்றாமலே
கவுண்டரில் பொட்டலங்களை வைத்தாள்.
நான்கும் ரோஸ்.

ஆறே நாள்.
என் கடையில் இரண்டு மாதம் தாங்குமவை.

பழைய சட்டி ஒன்றில்,
சமைக்கிற சட்டியில் அல்ல,
சிறு நெருப்பில் காயவைத்தேன்.
நீலம் மெல்லத் திரும்பும்வரை
அவள் ஸ்டூலில் உட்கார்ந்து
என் டப்பாவின் மூடியைத் திறந்து மூடிப்
பதம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறைக்குள் அவளுடைய சதம்.
பென்சிலால் எழுதியிருந்தேன்:
மவுசாக்கலை. செம்பு. பாதி தேய்த்தது.

கண்ணருகே பிடித்து
நெடுநேரம் பார்த்தாள்.

"என்னா தம்பி,
இன்னும் தேய்க்கலையா?"